புரட்டாசியில் வந்த அம்மை

எங்கள் தெருவில் யாருக்காவது உடம்பு அனலாகக் கொதித்தால், டாக்டரைக் கூப்பிடுவதா, வேம்புலியம்மாளைக் கூப்பிடுவதா என்று இன்றைக்கும் ஒரு குழப்பம் வரும். அவள் நர்ஸ் இல்லை. சாமியாடியும் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில், தைத்து முடித்த சட்டைகளில் தொங்குகிற நூலை வெட்டுகிறவள். கையில் எந்த நேரமும் ஒரு சின்னக் கத்தரி, வாயில் எந்த நேரமும் ஒரு பதில். அப்படிப்பட்டவளுக்கு ஜுரத்தை இறக்குகிறவள் என்ற பெயர் எப்படி வந்தது என்று புதிதாகக் குடிவந்தவர்கள் என்னைக் கேட்பார்கள். நான்தான் எதிர் வீட்டு வனஜா. தையல் மிஷினை வாசலைப் பார்த்துப் போட்டிருக்கிறேன். அதனால் இந்தத் தெருவில் நடப்பது எதுவும் எனக்குத் தெரியாமல் தப்பாது. அவள் வீட்டுக்குள் நடந்ததை அவளே பிறகு சொன்னாள்.

கரையான்சாவடி மெயின் ரோட்டுக்குப் பின்னால், மணவாளன் என்பவருக்குச் சொந்தமான லைன் வீடுகள் எங்களுடையவை. ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், எல்லோருக்கும் நடுவில் ஒரே அடி பம்பு. வேம்புலியின் புருஷன் தங்கவேல் லாரி டிரைவர். அவர்களுக்கு ஒரே பெண், நாலு வயது சாமுண்டீஸ்வரி. அவ்வளவு பெரிய பெயரைக் கூப்பிட யாருக்கும் பொறுமை இல்லாததால் சாமு. தங்கவேலுக்கு சாமு என்றால் உயிர். லோடு இறக்கிவிட்டு வந்தால் கால்கூடக் கழுவாமல் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டுதான் டீக்கடைக்குப் போவான். பெண்டாட்டியைக்கூட அப்புறம்தான் பார்ப்பான். அதில் வேம்புலிக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு என்பதையும் எழுதிவிடுகிறேன்.

தொண்ணூற்று நாலாம் வருஷம், விநாயகர் சதுர்த்தி முடிந்து கொஞ்ச நாளில், சூரத்தில் பிளேக் என்று செய்தி வந்தது. எலிவாகனத்துக்குக் கொழுக்கட்டை படைத்த அதே கையால் எலிப்பாஷாணம் வைத்தோம். மெயின் ரோட்டு மருந்துக் கடையில் டெட்ராசைக்ளின் மாத்திரை தீர்ந்துபோனது. நோய் வந்தவன் ஒருத்தனும் இல்லை, மாத்திரை மட்டும் தீர்ந்துவிட்டது. கைக்குட்டையில் நீலகிரித் தைலம் விட்டு மூக்கைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரன் செருமினால் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கினோம். லாரி ஏறி நசுங்கிய ஒரு பெருச்சாளி சாக்கடையோரம் கிடந்ததற்கு எங்கள் தெருவே ஒரு நாள் சமைக்காமல் கிடந்தது. நான் ரவிக்கை தைக்க அளவெடுக்கிற டேப்பைக்கூட வெந்நீரில் போட்டு எடுத்தேன். டேப் சுருங்கியதுதான் மிச்சம், அந்த மாதம் நான் தைத்த ரவிக்கை ஒன்றும் யாருக்கும் சேரவில்லை.

அந்த நேரம் பார்த்து தங்கவேல் சூரத்திலிருந்து புடவை மூட்டை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

வந்தவன் பேசாமல் இருந்திருக்கலாம். டீக்கடையில் உட்கார்ந்து நடந்ததை எல்லாம் கதை போல் சொன்னான். சூரத்தில் ஜனங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினதையும், வழியில் கையை நீட்டிக் கும்பிட்ட ஒரு குடும்பத்தை லாரியில் ஏற்றிக்கொண்டதையும், அதில் ஒரு கிழவர் தன் பக்கத்திலேயே உட்கார்ந்து நாசிக் வரைக்கும் இருமிக்கொண்டே வந்ததையும் சொன்னான். நல்ல காரியம் செய்த பெருமையில்தான் சொன்னான். கேட்டவர்கள் ஒவ்வொருவராக டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். மறுநாள் அவனுக்கே ஜுரமும் இருமலும் வந்தது. வழியெல்லாம் மழையில் நனைந்து, கண்ணாடி உடைந்த லாரியை ஓட்டி வந்தவனுக்கு ஜுரம் வராமல் வேறு என்ன வரும்? ஆனால் அப்படி யோசிக்கிற நிலையில் அன்றைக்கு யாரும் இல்லை. முக்கியமாக அவனே இல்லை.

வேம்புலி உடனே மெயின் ரோட்டு டாக்டரிடம் அவனை இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, அக்குளில் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, இது பிளேக் இல்லை, மழை ஜுரம், நெஞ்சுச் சளி, ஒரு வாரத்தில் சரியாகும் என்று சொல்லி ஊசியும் மாத்திரையும் கொடுத்தார். எல்லாம் சரிதான். ஆனால் இதை அவர் மூக்கிலும் வாயிலும் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, நாற்காலியைச் சுவர் வரைக்கும் தள்ளிப் போட்டுக்கொண்டு சொன்னார். தங்கவேல் அவர் வார்த்தையைக் கேட்கவில்லை, கைக்குட்டையைத்தான் பார்த்தான்.

வீட்டுக்கு வந்ததும் நேராகப் பின்பக்கம் போனான். அங்கே தகரக் கூரை போட்ட ஒரு சார்ப்பு உண்டு, விறகும் உடைந்த சைக்கிளும் போட்டு வைக்கிற இடம். அதில் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டான். ஓடி வந்த சாமுவைப் பார்த்து, இதுவரை ஒரு அதட்டல் போடாதவன், கையில் இருந்த தம்ளரை விசிறி அடித்தான். அவள் மேல் படவில்லை. பிறகு ஒரு கரித்துண்டை எடுத்து, பின்கட்டு சிமென்ட் தரையில் சுவருக்குச் சுவர் ஒரு கோடு போட்டு, இதைத் தாண்டி யாரும் வரக் கூடாது என்றான்.

குழந்தை அழவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். அடுத்த நாளும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். கொட்டாங்கச்சியில் மண்ணை அள்ளி, இட்லி என்று சொல்லி, கோடு வரைக்கும் தள்ளி வைப்பாள். அதற்கு மேல் தள்ள மாட்டாள். இதைச் சொல்லும்போது மட்டும் வேம்புலியின் வாய்த்துடுக்கு எங்கே போகும் என்று தெரியாது, கத்தரியையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

தங்கவேல் சோற்றைத் தொடவில்லை. மாத்திரையையும் விழுங்கவில்லை. சாகப் போகிறவனுக்கு எதற்கு என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான்.

"கொயந்தய இட்டுகினு உங்கம்மா ஊட்டுக்குப் போயிடு," என்றான். "என்னைத் தூக்கறதுக்கு முனிசிபாலிட்டி வண்டிய வரச் சொல்லு. நீ தொடாத."

உள்ளே இது. வெளியே எங்கள் தெரு. பம்புக்கு மூன்றாவது வீட்டுப் பொன்னியம்மாதான் எங்களுக்கெல்லாம் தலைமை. தாட்டியான பொம்பளை, சண்டை என்று வந்தால் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் குரல் கேட்கும். ஒரே பிள்ளை ஆனந்தன் பம்பாயில் ஒரு கேன்டீனில் வேலையாக இருந்தான். புருஷன் இல்லாமல் வளர்த்த பிள்ளை. பொன்னியம்மா வேம்புலியின் குடத்தை எடுத்துத் தெருக்கோடியில் வைத்துவிட்டு, இனிமேல் பம்பைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டாள். டாக்டர் சொன்னதை வேம்புலி எடுத்துச் சொன்னாள். டாக்டர் ஏன் வாயைக் கட்டிக்கொண்டு சொன்னார் என்று பொன்னியம்மா கேட்டாள்.  மணவாளன் தெருமுனையில் நின்றபடியே, வெள்ளிக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்துவிடு அம்மா என்று சொல்லி அனுப்பினார். மனிதர் நல்லவர்தான். வாடகை வாங்க வீட்டுக்குள் வந்து மோர் குடித்துவிட்டுப் போகிறவர், தெருமுனையைத் தாண்டவில்லை.

வீடு போனாலும் போகட்டும், புருஷன் சாப்பிடாமலேயே செத்துவிடுவான் என்பதுதான் வேம்புலியின் கவலை. அன்று சாயங்காலம் கோட்டைத் தாண்டிப் போய், அவன் கத்தக் கத்த, சட்டையைக் கழற்றி ஈரத்துணியால் உடம்பைத் துடைத்தாள். இஞ்சின் சூட்டில் நாள்கணக்கில் வெந்ததில் நெஞ்சிலும் முதுகிலும் வேர்க்குரு பொரிந்திருந்தது. இரண்டு மூன்று சூட்டுக் கொப்புளமும் இருந்தது. அவன் குனிந்து அதைப் பார்த்துவிட்டு, கட்டி வந்துவிட்டது, முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டான்.

வேம்புலி கொஞ்ச நேரம் அந்தக் கொப்புளத்தையே பார்த்தாள். பிறகு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

"அடப்பாவி மனுசா, இது எலி நோயி இல்ல," என்றாள். "ஆத்தா வந்துகீறா. முத்து போட்டுகீது பாரு. தலைக்குத் தண்ணி ஊத்திட்டா கொயந்தயத் தூக்கலாம்."

விடிந்ததும் நான் மிஷின் உறையை எடுக்கும்போது எதிர் வீட்டு நிலையில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. வாசல் முழுக்க மஞ்சள் தண்ணீர். தலையை வாராமல், ஈரப் புடவையோடு வேம்புலி நின்றிருந்தாள். பொன்னியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்தாள்.

"வெயில் காலமும் இல்ல, புரட்டாசியில ஏதுடி ஆத்தா?"

"ஆத்தாளுக்கு நீ காலண்டர் மாட்டிக் குடுத்தியா யக்கா? வந்துகீறா. வராதன்னு சொல்ல நான் யாரு?"

 அடுத்த நிமிஷம் பொன்னியம்மா செருப்பைக் கழற்றினாள். அதைப் பார்த்து நாங்களும் கழற்றினோம்.

நான் இதைப் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அம்மையும் தொற்றுகிற நோய்தான். அதிலும் செத்தவர்கள் உண்டு. என் பெரியம்மா பையனுக்கு ஒரு கண்ணே போயிற்று. ஆனால் அம்மை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். வேப்பிலை கட்ட வேண்டும், தாளிக்கக் கூடாது, வறுக்கக் கூடாது, சத்தம் போட்டுச் சண்டை போடக் கூடாது, கூழும் இளநீரும் கொண்டுபோய் வாசலில் வைக்க வேண்டும், மூன்று தண்ணீர் ஊற்றினால் ஆள் சுத்தம். பிளேக்குக்கு என்ன செய்வது? டி.வி.யில் சொன்னார்கள், பேப்பரில் போட்டார்கள், பயந்ததைத் தவிர எங்களுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. பயத்தை வைத்துக்கொண்டு சும்மா உட்கார மனுஷனால் முடியாது, யாரையாவது விரட்டத்தான் தோன்றும். அந்தக் காலையில் வேப்பிலையைப் பார்த்ததும் எங்கள் கைகளுக்கு வேலை கிடைத்துவிட்டது.

பத்து மணிக்குள் வேம்புலி வாசலில் இளநீர் குவிந்தது. அவள் குடத்தைப் பொன்னியம்மாவே நிரப்பி வைத்தாள். மணவாளன் தன் தோட்டத்திலிருந்து வாழையிலையும் நுங்கு போல் இளசான நாலு தேங்காயும் அனுப்பி, ஆத்தா இருக்கிற வீட்டை யாராவது காலி செய்யச் சொல்வார்களா, நான் அப்படியா சொன்னேன் என்றார். அப்படித்தான் சொன்னார்.

பின்கட்டில் தங்கவேல் வேப்பிலைப் படுக்கையில் படுத்திருந்தான். சின்ன வயதில் அம்மை கண்டபோது அவன் அம்மா கொடுத்த அதே கேழ்வரகுக் கூழ், அதே சின்ன வெங்காயம். ஒரு சொம்பு கூழைக் குடித்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டான். டாக்டர் கொடுத்த மாத்திரையை வேம்புலி கூழோடு கலக்கி ஊற்றியது அவனுக்குத் தெரியாது. ஜுரம் இறங்க ஆரம்பித்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தே, அந்த இட்லியில் உப்பு சரியாக இருக்கிறதா என்று சாமுவைக் கேட்டான்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது வேம்புலி கடுகு தாளித்தாள்.

பொய்யே சொல்லிப் பழகாதவளுக்குப் பொய் எந்த நேரமும் ஞாபகத்தில் நிற்காது. குழந்தைக்கு ரசம் வைத்தாள். கை தன் பாட்டுக்குக் கரண்டியில் எண்ணெயை ஊற்றி, கடுகைப் போட்டு, பெருங்காயத்தைக் கிள்ளிப் போட்டது. கடுகு படபடவென்று வெடித்த பிறகுதான் அவளுக்கு ஆத்தா ஞாபகம் வந்தது. கரண்டியைத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கினாள். அதனால் என்ன? வாசனை ஏற்கெனவே தெருவுக்கு வந்துவிட்டது.

பம்படியில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தோம்.  அம்மை வந்த வீட்டில் தாளிப்பு வாசனை என்றால் ஒன்று ஆத்தாளுக்குக் கோபம் வர வேண்டும், இல்லையென்றால் ஆத்தாளே இல்லை. எல்லாத் தலையும் வேம்புலி வீட்டுப் பக்கம் திரும்பியது. அவள் வாசலில் வந்து நின்றாள். பேயறைந்த முகம்.

அப்போது பொன்னியம்மா குடத்தை ணங்கென்று கீழே வைத்தாள்.

"இன்னாத்துக்கு அங்க பாக்குறீங்க? எங்க ஊட்ல தாளிச்சேன். தெருவுல ஆத்தா கீறான்றத மறந்துட்டேன், தப்புதான்," என்று சொல்லிப் பட்பட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பொன்னியம்மா வீட்டு அடுப்பு காலையிலிருந்து எரியவில்லை. மண்ணெண்ணெய் இல்லை என்று என்னிடம்தான் புலம்பிவிட்டு வந்து பம்படியில் நின்றாள். அது அங்கே இருந்த பாதிப் பேருக்குத் தெரியும். ஆனாலும் பொன்னியம்மா தாளித்தேன் என்று சொன்ன பிறகு, தாளிக்கவில்லை என்று சொல்ல எங்கள் தெருவில் ஆள் கிடையாது. எல்லோரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு கலைந்தோம். எனக்கு மட்டும் தலை வெடித்தது. விரட்ட முன்னால் நின்றவள் எதற்காக இப்படிக் காப்பாற்றினாள்?

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் பொன்னியம்மா பின்வழியாக வேம்புலி வீட்டுக்குப் போனாள். வந்தவள் உட்காரவில்லையாம். முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு நின்றாளாம். காலையில் ரோட்டு முனை எஸ்.டி.டி. பூத்துக்கு ஆனந்தன் போன் செய்திருக்கிறான். பிளேக் பயத்தில் பம்பாயில் கேன்டீனை மூடிவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வந்து இறங்குகிறான். பேசும்போது இரண்டு தரம் இருமினான். இவ்வளவையும் சொல்லிவிட்டு, தெருவையே அடக்குகிற அந்தப் பொம்பளை, குரல் வெளியே வராமல் கேட்டாள்.

"ஏண்டி வேம்புலி, அவனுக்கும் ஆத்தா வருவாளாடி?"

வேம்புலிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். தன் குடத்தைத் தெருக்கோடியில் வைத்தவள் இவள். வந்தது அழுகைதான் என்று சொன்னாள். பொன்னியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வருவா யக்கா. கூப்ட்டா வருவா," என்றாள்.

வெள்ளிக்கிழமை தங்கவேலுக்கு மூன்றாவது தண்ணீர் ஊற்றினார்கள். வெயிலில் காய்ந்த மஞ்சள் தண்ணீரில் வேப்பிலை மிதக்க, தெருப் பெண்கள் எல்லோரும் ஆளுக்கொரு சொம்பு ஊற்றினோம். மணவாளன் உள்ளே வந்து மோர் குடித்தார். மிச்சத் தண்ணீரை வேம்புலி அந்தக் கரிக்கோட்டின் மேல் ஊற்றி, விளக்குமாற்றால் தேய்த்துக் கழுவினாள். வேட்டி மாற்றிக்கொண்டு தங்கவேல் வந்து கையை நீட்டினான். சாமு வரவில்லை. கோடு இருந்த இடத்துக்கு இந்தப் பக்கமே நின்று, இல்லாத கோட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவனே தாண்டி வந்து தூக்கினான். தூக்கியவன் விம்மி விம்மி அழுதான். எங்கள் தெரு ஆம்பளைகள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான், அதுவும் குடிக்காமல்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் வேம்புலி நிம்மதியாக இருந்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஆனந்தன் வந்தான்.

ஆட்டோவிலிருந்து இறங்கினவனைப் பார்த்தால் பம்பாய் கேன்டீன்காரன் நன்றாகச் சோறு போட்டிருக்கிறான் என்று தெரிந்தது. கன்னம் இரண்டும் பூரித்துக் கிடந்தது. சென்ட்ரலில் நிறுத்திப் பார்த்து, ஒன்றுமில்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்களாம். அவன் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் பொன்னியம்மா வாசலில் வேப்பிலையைக் கட்டிவிட்டாள். எனக்கு ஒன்றும் இல்லையே அம்மா என்று அவன் சொல்லச் சொல்ல, சட்டையைத் தூக்கி, ரயிலில் கடித்த கொசுக்கடியை எங்களுக்குக் காட்டி, "முத்து பாருங்க, முத்து," என்றாள்.  நாங்கள் அந்தக் கொசுக்கடியைப் பார்த்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆமாம், ஆத்தாதான் என்று முதலில் சொன்னது நான்தான். உடனே இன்னொருத்தி இளநீர் வாங்க ஓடினாள், நான் என் மிஷினுக்குத் திரும்பினேன்.

தங்கவேல் சாமுவை இடுப்பில் வைத்துக்கொண்டு, அம்மை கண்டு எழுந்தவன் என்ற அக்கறையோடு அருகில் வந்து பார்த்தான். கொசுக்கடி எது, முத்து எது என்று தெரியாத ஆள் இல்லை அவன். ஆனந்தன் முதுகைப் பார்த்தான். தலை குனிந்து நின்ற பொன்னியம்மாவைப் பார்த்தான். பிறகு மெதுவாகத் திரும்பி, தன் வீட்டு நிலையில் வாடித் தொங்கிக்கொண்டிருந்த வேப்பிலையைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தம் வற்றியது எனக்கு என் மிஷின் பக்கத்திலிருந்தே தெரிந்தது.

"எனக்கும் இப்படித்தானா?" என்று வாசலில் நின்ற வேம்புலியைக் கேட்டான்.

வேம்புலிக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பதில் வரவில்லை. சாமுவின் கால் அவன் வயிற்றில் தட்டிக்கொண்டிருந்தது, குழந்தையின் முகம் அவன் கழுத்தோடு ஒட்டியிருந்தது. அவன் கை தளர்ந்து அவளை இறக்கிவிடப் போகிறது, மறுபடியும் பின்கட்டுக்குப் போய் ஒரு கரித்துண்டைத் தேடப் போகிறான் என்று வேம்புலி பயந்தாள். நானும் மிஷினை நிறுத்திவிட்டேன்.

"டாக்டர் சொன்னாரு, நீ நம்பல," என்றாள் கடைசியில். "உன்ன வேற எப்பிடி சாப்புட வெக்கிறது?"

 அவன் குழந்தையின் முதுகில் இருந்த தன் கையைப் பார்த்தான். பிறகு சாமுவை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, டீக்கடைப் பக்கம் நடந்தான்.